எஞ்சின் நின்றபோது கேட்டது

எரிபொருள் சிக்கனம் காலத்தின் கட்டாயம் என்பதால் குடிநீர் அலுவலகத்துக்குப் புது கார்கள் வாங்கப்பட்டன. சிக்னலில் நின்றால் எஞ்சின் தானாக அணையும். பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் தானாக உயிர்பெறும். இதுகுறித்து ஓட்டுநர்களின் மேலான கருத்தை அறிய இயக்குநர் கூட்டம் போட்டார்.

"நின்னதும் ஏசி காத்து சூடாயிடுது சார்."

"பேட்டரி சீக்கிரம் போயிடும்னு மெக்கானிக் சொல்றான்."

"எனக்கு ஒவ்வொரு சிக்னல்லயும் வண்டி ரிப்பேர் ஆயிடுச்சோன்னு திக்குங்குது."

கருத்துகள் நன்றியுடன் நிராகரிக்கப்பட்டன. இயக்குநரின் ஓட்டுநர் மட்டும், "அமைதியா இருக்கு சார், எனக்குப் பிடிச்சிருக்கு" என்றார். அது ஏற்கப்பட்டது.

மறுநாள் காலை இயக்குநர் முதன்முறையாகப் புது காரில் போனார். சிக்னலில் சிவப்பு விழுந்தது. எஞ்சின் அடங்கியது. அதுவரை வாய்பொத்தி நின்றதுபோல் தெரு பேசத் தொடங்கியது. பின் இருக்கையில் கண்மூடியிருந்த இயக்குநரின் காதில், பக்கத்து ஸ்கூட்டரில் காலிக் கேன்களோடு இருந்த கணவன் மனைவியின் பேச்சு ஒரு சொல் சிந்தாமல் விழுந்தது.

"நம்ம குழாய் மனு இன்னும் அந்த ஆபீஸ்லதான் கிடக்கா?"

"கிடக்கலைங்க, தூங்குது. துணைக்கு இயக்குநரும் தூங்குறாராம்."

இயக்குநர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "யாருய்யா இவங்க? புதுசா இருக்கு?"

"தினமும் இங்கதான் சார் நிப்பாங்க. தினமும் இதையேதான் பேசுவாங்க போல. இத்தனை நாள் எஞ்சின் ஓடுச்சு, கேக்கலை."

உடனடி நடவடிக்கை எடுக்கப்பட்டது. எஞ்சின் நிற்பதால் ஒலி மாசு அதிகரிப்பதாகச் சுற்றறிக்கை போனது. அதற்காகச் சிக்கனத்தைக் கைவிட முடியுமா? எஞ்சின் அணையும்போதெல்லாம் எஞ்சின் போலவே உறுமும் ஒலிபெருக்கி ஒவ்வொரு காரிலும் பொருத்தப்பட்டது. அது பேட்டரியைக் குடித்தது. ஆகவே ஒலிபெருக்கி உறுமும் நேரமெல்லாம் எஞ்சினை ஓடவிடும்படி உத்தரவாயிற்று. இரண்டும் சேர்ந்து உறுமின. சிக்கனத்துக்கான கேடயம் அந்த அலுவலகத்துக்கே கிடைத்தது.

மீண்டும் கருத்துக் கூட்டம். ஓட்டுநர் எழுந்தார். ஸ்கூட்டர்க்காரர்களின் பேச்சு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. தண்ணீர் லாரி ஓட்ட ஆள் குறைவதாக இயக்குநர் பொதுவாகச் சொல்லிவிட்டு, பொதுவாக அவரையே பார்த்தார்.

"இது இன்னும் நல்லா இருக்கு சார்."

அடுத்த நாள் அதே சிக்னல். காரின் பெயர்ப்பலகையை அன்றுதான் படித்த அந்தப் பெண், ஸ்கூட்டரிலிருந்து இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினாள். ஓட்டுநர் விரலளவு இறக்கினார்.

"அண்ணே, எங்க குழாய் மனு பத்தி சார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

"கேக்கலைம்மா. வண்டிச் சத்தம்."

பாதியாவது உண்மை. பின் இருக்கையில் இயக்குநர் நிம்மதியாகக் கண்மூடியிருந்தார். இன்னும் உரக்கச் சொல்ல அவள் மூச்சை இழுத்தாள். பச்சை விழுந்தது. பின்னால் நின்ற நாங்கள் அத்தனை பேரும் அவளைப் பார்த்து ஹாரன் அடித்தோம்.