மிரட்டல் கடிதம் கேட்ட அக்கா மகனுக்கு

நெல்லித்தோப்பு, புதுச்சேரி.
ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டுக்குப் பின்.

அன்புக்கும், உன் மனுவின்படி பகைக்கும் உரிய மாப்பிள்ளை வெற்றிவேலுக்கு,

உன் தாய்மாமன் ராஜாங்கம் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அத்தை ஹேமலதாவும் சுகம். உன் அம்மாவும் முழங்காலைத் தவிர மற்றபடி சுகம். பாரிசில் உன் உடம்பு எப்படி, குளிர் எப்படி, நீ ஒழுங்காகச் சமைத்துச் சாப்பிடுகிறாயா என்பதை எல்லாம் விவரமாக எழுது.

நிற்க. போன வாரம் நீ போனில் கேட்டதற்கு வருகிறேன். "மாமா, நான் இங்க அசைலம் கேட்டு எழுதிக் குடுத்திருக்கேன். ஊருக்கு வந்தா உயிருக்கு ஆபத்துன்னு. யாரால ஆபத்துன்னு கேட்டாங்க. உங்க பேரச் சொல்லிட்டேன், கோச்சுக்காதீங்க" என்றாய். சொத்துத் தகராறில் நாற்பது அடியாளை ஏவி அக்கா மகனையே வெட்டத் தேடும் ராஜாங்கம்! ஏஜென்ட் எழுதிய கதை என்றாய். அந்த ஏஜென்ட் என்னை ஒரு தடவை நேரில் பார்த்திருந்தால் வேறு மாமனைத் தேடியிருப்பான். அறுபத்திரண்டு வருஷத்தில் என்னைக் கண்டு பயந்த ஜீவன் ஒன்று கிடையாது. நம் வீட்டுப் பூனை நான் 'ச்சூ' என்றால் திரும்பிப் படுத்துக்கொள்ளும். ஆகவே, உண்மையைச் சொன்னால், கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. அன்று சாயங்காலம் கடைக்குப் போகும்போது கையை அகட்டி வீசிக்கொண்டு நடந்தேன். உன் அத்தை பார்த்துவிட்டு, "என்னா, சட்ட டைட்டா இருக்கா?" என்று கேட்டாள்.

சட்டம் மாறிவிட்டது, இனி வாய்வார்த்தை போதாது, எழுத்தில் ஆதாரம் வேண்டும், அரிவாளோடு ஒரு போட்டோவும் போலீஸ் புகாரும் மிரட்டல் கடிதமும் அனுப்புங்கள் என்றாய். எனக்கும் பேப்பர் படிக்கத் தெரியும், மாப்பிள்ளை. ஐரோப்பாக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து ஆபத்தில்லாத நாடுகள் என்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறார்கள், அதில் நம் இந்தியாவும் இருக்கிறது. அந்த நாட்டுக்காரன் தஞ்சம் கேட்டால் மனுவைக் குறுக்கு வழியில் சட்டுப்புட்டென்று முடித்துவிடுவார்களாம். தனக்கு மட்டும் தனியாக ஆபத்து இருக்கிறது என்று அவனேதான் நிரூபிக்க வேண்டுமாம். அதைப் படித்துவிட்டு நீ ஏஜென்டிடம் ஓடியிருப்பாய். எனக்கோ நெஞ்சு நிமிர்ந்தது. நாம் இருக்கும் இடம் பத்திரமானது என்று வெள்ளைக்காரனே எழுதிக் கொடுத்துவிட்டான்! அன்று காலையில்தான் தெருமுனைப் பள்ளத்தில் ஒரு காலை விட்டு, எழுந்திருக்கும்போது இரண்டு நாய் துரத்தி, தப்பித்து ஓடிப்போய் ஒரு மாட்டின்மேல் மோதினேன். ஆனால் அதெல்லாம் தஞ்சக் கணக்கில் வராது. வேறு நாட்டுக்குத் தாவலாமா என்றும் கேட்டாய். ஜெர்மனியில் தஞ்சம் பெற்றவர்களில் ஒரு வகையாருக்குக் குடும்பத்தை வரவழைத்துக்கொள்வதையே இரண்டு வருஷத்துக்கு நிறுத்தி வைத்திருக்கிறார்கள். டென்மார்க்கில் கொடுக்கும்போதே தற்காலிகம் என்று சொல்லித்தான் கொடுக்கிறார்கள். இங்கிலாந்தில் இரண்டரை வருஷத்துக்கு ஒருமுறை இன்னும் ஆபத்து இருக்கிறதா என்று மறுபடி பார்ப்பார்களாம். அப்படியானால் என் அறுபத்து நாலரையிலும், அறுபத்தேழிலும், அறுபத்தொன்பதரையிலும் நான் ரவுடியாகவே இருந்து காட்ட வேண்டும். என் சர்க்கரைக்கு அது தாங்காது.

இன்னொன்றும் உனக்குத் தெரிய வேண்டும். 1962-இல், நான் பிறப்பதற்கு முன், பிரான்ஸ் குடியுரிமை வேண்டுகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று இங்கே சொன்னார்கள். உன் தாத்தா அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, "நமக்கு எதுக்கு அந்தக் குளிரு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பிரான்சையே வேண்டாம் என்று சொன்ன குடும்பம், மாப்பிள்ளை, நம் குடும்பம். அந்தக் குடும்பத்துப் பேரன் அதே பிரான்சின் வாசலில் நின்று, மாமன் வெட்ட வருகிறான் என்கிறான்.

சரி, அக்கா மகன் கேட்டுவிட்டான், செய்யத்தானே வேண்டும். முதலில் கையில் அரிவாளோடு போட்டோ. நம் வீட்டில் இருப்பது அரிவாள்மனைதான். அதைத் தூக்கிக்கொண்டு நின்றால் வாழைக்காய் நறுக்கப் போகிறேன் என்றுதான் நினைப்பார்கள். ஆகவே ஆஸ்பத்திரி ரோட்டில் இளநீர் விற்கும் வேம்புவிடம் போய் அவள் அரிவாளை இரவல் வாங்கினேன். அவளே என் போனை வாங்கிப் படமெடுக்க நின்றாள். "சிரிங்க சார், ஏன் இப்படி மொறைக்கிறீங்க" என்று வேறு சொன்னாள். நான் உயிரைக் கொடுத்து முறைத்துக்கொண்டிருக்கும்போது பைக்கில் வந்த இருவர் நிறுத்தி, "பெரியவரே, ரெண்டு எளநி. ஒண்ணு வழுக்கையா பாத்து வெட்டுங்க" என்றார்கள். வேம்பு போனும் கையுமாக நிற்கிறாள், வந்த வியாபாரத்தை விடுவது பாவம் என்று நானே வெட்டினேன். முதல் காய் கைநழுவி உருண்டு சாக்கடைக்குப் போனது. இரண்டாவது காயில் வெட்டு பக்கவாட்டில் விழுந்து, தண்ணீர் முழுக்க என் வேட்டியில். சரியாக அந்த நேரத்தில்தான் வேம்பு படத்தைத் தட்டியிருக்கிறாள். ஈர வேட்டியோடு காயை நீட்டிக்கொண்டு நிற்கிறேன். அதைப் பார்க்கும் அதிகாரிக்குத் தாகம் எடுக்குமே தவிர பயம் வராது.

அடுத்தது போலீஸ் புகார். புகார் கொடுக்க வேண்டிய நீ பாரிசில் இருக்கிறாய், உன் அம்மாவுக்கு விஷயமே தெரியாது. ஆகவே என்மேல் நானே புகார் கொடுப்பது என்று முடிவு செய்தேன். 'ராஜாங்கம் என்பவர் தன் அக்கா மகனைக் கொன்றுவிடுவதாக மிரட்டி வருகிறார். மேற்படி ராஜாங்கம் நானே' என்று, நகராட்சியில் முப்பத்தோரு வருஷம் பிறப்பு இறப்புப் பதிவேடு எழுதிய அதே முத்து முத்தான கையெழுத்தில் எழுதிக் கொண்டுபோனேன். நிலையத்தின் பெயர் வேண்டாம், நல்ல மனிதர்கள். ஏட்டு புருஷோத்தமன் ஒரு தடவை படித்தார், இன்னொரு தடவை படித்தார், நாற்காலி போட்டார், டீ வரவழைத்தார். "சார், எங்க பொண்ணு பொறந்தப்ப பேர நான் தப்பா எழுதிக் குடுத்துட்டேன். நீங்கதான் வீடு தேடி வந்து கேட்டுத் திருத்தினீங்க. உங்க மேல கேஸா? வீட்ல அம்மாவோட எதனா சண்டையா சார்?" என்றார். நான் ஆபத்தானவன் என்று எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவருக்கு என்மேல் இரக்கம்தான் அதிகமாகியது. கடைசியில், மனிதர் ஏதோ மனமொடிந்து வந்திருக்கிறார் என்று நினைத்து, தானாகவே ஒரு தாளை எடுத்து, 'இவரை இருபது வருஷமாக அறிவேன், ஒழுக்கமானவர், இவரால் எறும்புக்கும் கேடில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை. ஆனால் மாப்பிள்ளை, அந்தத் தாளை வீடு வருவதற்குள் மூன்று தடவை எடுத்துப் படித்தேன். ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டார்கள், கைக்கடிகாரம் கொடுத்தார்கள், இப்படி ஒரு வரி யாரும் எழுதித் தரவில்லை. கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டியாயிற்று. உன் அத்தை தினமும் துடைக்கிறாள்.

மிஞ்சியது கடிதம். நான் கையால் எழுதினால் மிரட்டலிலும் அன்பு தெரிகிறது என்று, கோரிமேட்டில் ஆஸ்பத்திரி பஸ் நிற்குமிடத்தில் டைப் அடிக்கும் கடை வைத்திருக்கும் தனக்கொடியிடம் போனேன். ஒன்பது வயதில் இலங்கை மன்னாரிலிருந்து படகில் வந்து, முகாமில் வளர்ந்த பெண். இப்போது நோயாளிகளுக்கு மனு அடித்துக் கொடுக்கிறாள். நான் சொல்லச் சொல்ல அடித்தாள். 'நீ புதுச்சேரி மண்ணை மிதித்தால் உன் தலை தரையில் உருளும். வேளாவேளைக்குச் சாப்பிடவும்' என்ற இடத்தில் நிறுத்திவிட்டாள். "சார், கடைசி வரி வேணுமா?" என்று கேட்டாள். "சாப்பாடு முக்கியம்மா" என்றேன். அடித்து முடித்துத் தாளை மிஷினிலிருந்து எடுக்கும்போது என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "எங்கள மிரட்டினவங்க யாரும் லெட்டர் எழுதல சார். வந்து கதவத் தட்டினாங்க." நான் தாளை வாங்கி நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மூன்று நாள் அந்தத் தாள் மேஜைமேல் கிடந்தது. பிறக்காத பிள்ளையைப் பிறந்ததாகவோ, உயிரோடு இருப்பவரைச் செத்ததாகவோ முப்பத்தோரு வருஷத்தில் ஒரு வரி நான் எழுதியதில்லை. எழுதச் சொல்லிக் கெஞ்சியவர்கள் உண்டு, உறுமியவர்களும் உண்டு. நான் சேர்த்த சொத்து அந்தப் பெருமை ஒன்றுதான். ஆனால் உனக்குக் காது குத்தியது என் மடியில் வைத்துத்தான். உன் அப்பா போன பிறகு பள்ளிக்கூடத்தில் உனக்காகக் கையெழுத்துப் போட்டதும் நான்தான். ஆகவே சாப்பாட்டு வரியை மட்டும் கோடு போட்டு நீக்கிவிட்டு, அந்த மிரட்டலில் கையெழுத்திட்டுத் தனித்தாளாக இத்துடன் வைத்திருக்கிறேன். அதிகாரியிடம் காட்டு. அங்கே நான் கொலைகாரனாகவே இருந்துவிட்டுப் போகிறேன். காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் தாய்மாமன் சீர் செய்வது வழக்கம். இதையும் ஒரு சீராக வைத்துக்கொள்.

மணக்குளத்துப் பிள்ளையார் உனக்கு முன்னால் நடந்து போகட்டும். அத்தையின் ஆசீர்வாதம். கம்பளி போடாமல் வெளியே போகாதே.

உன் உயிருக்கு உலை வைக்கக் காத்திருக்கும்,
என்றும் பாசமுள்ள தாய்மாமன்
ராஜாங்கம்

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் எல்லாவற்றுக்கும் ஒரு நகல் எடுத்து வைப்போம் என்று தனக்கொடி கடைக்குப் போனேன். கடையில் வேறு யாரும் இல்லை. "சார், பாரிசுல அசைலம் கேஸ் விசாரிக்கிற ஒருத்தர் ஒரு நாளைக்கு எத்தன பேர் கதை கேப்பாங்க?" என்று கேட்டாள். தெரியாதம்மா என்றேன். அவளுடைய அக்கா மன்னாரிலேயே தங்கிவிட்டவளாம். அக்காவின் கணவரை ஒருநாள் கூட்டிக்கொண்டு போனவர்கள் திரும்பக் கொண்டுவந்து விடவே இல்லையாம். அந்த அக்கா இப்போது பாரிசில்தான் தஞ்சம் கேட்டு நிற்கிறாள். ஒரு தடவை தள்ளுபடி செய்துவிட்டார்கள். மேல்முறையீட்டை அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி கேட்கிறார்கள். முன்பெல்லாம் மூன்று பேர் உட்கார்ந்து கேட்பார்களாம், இப்போது பெரும்பாலும் ஒரே நீதிபதிதானாம். "எங்கக்கா கிட்ட ஒரு காகிதமும் இல்ல சார். அவ சொல்றத நம்பணும், அவ்ளோதான்" என்றாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. நகல்களை அடுக்கிப் பின் குத்திக் கொடுத்தாள்.

தனித்தாளை உறையில் தேடாதே. அதை நகலோடு சேர்த்து அவள் கடை வாசலிலேயே கிழித்துவிட்டேன். பிழைக்கத்தான் வந்தேன் என்று உள்ளதைச் சொல். திருப்பி அனுப்பிவிட்டால் வா, மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் நானே சொல்கிறேன், அக்கா அடித்தாலும் என்னைத்தான் அடிப்பாள். கிழித்ததில் எனக்கு வெட்கமில்லை, பெருமைதான். ஆனால் தாய்மாமன் உனக்குக் கெடுதல் செய்வார் என்று மனுவில் எழுதியிருந்தாய். செய்துவிட்டேன், மாப்பிள்ளை.