நீர்நாய் போட்ட நேர்மையான பட்ஜெட்

ஒரு காட்டில் ஒரு மாநகராட்சி இருந்தது. காடு எப்போது மாநகராட்சியாகத் தரம் உயர்ந்தது என்று அங்கிருந்த பிராணிகளுக்குத் தெரியாது. வீட்டு வரி உயர்ந்தபோதுதான் தெரிந்துகொண்டன.

அந்த மாநகராட்சியின் மழைநீர் வடிகால் துறைக்குத் தில்லைவடிவு என்ற நீர்நாய் புதிதாகத் தலைமை ஏற்றிருந்தது. பட்ஜெட் காலம் வந்தது. ஆணையர் அருளானந்தம் என்ற முள்ளம்பன்றி எல்லாத் துறைத் தலைவர்களையும் கூப்பிட்டுப் பேசியது.

"வருஷா வருஷம் நீங்க கூட்டிக் கேக்கறீங்க, நான் வெட்டறேன். ஊரே சிரிக்குது. இந்தத் தடவை நிஜமாத் தேவைப்படறதை மட்டும் எழுதுங்க. நான் ஒரு பைசா வெட்ட மாட்டேன்."

எல்லாரும் தலையாட்டினார்கள். தில்லைவடிவுக்கு மட்டும் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு அதிகாரியின் கீழ் வேலை பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டது.

மறுநாளே அது பெரிய வடிகாலுக்குள் இறங்கியது. மலையடிவாரத்தில் தொடங்கி, முயல் குடியிருப்பு வழியாக, ஆறு வரைக்கும் ஊர்ந்து போனது. எங்கே எவ்வளவு சேறு, தூர் வார எத்தனை ஆள் என்று நேரில் பார்த்துக் கணக்குப் போட்டது. மேலெல்லாம் சகதியும் முகமெல்லாம் பெருமையுமாக வெளியே வந்தபோது, பூங்காத் துறைத் தலைவர் சிங்காரம் என்ற மயில் எதிரே வந்தது.

"மேடம், எவ்வளவு போட்டிருக்கீங்க?"

"ஆகற செலவு எவ்வளவோ, அவ்வளவுதான்."

மயில் பதறிப்போய்த் தோகையை மடக்கிக்கொண்டது. "ஐயையோ, ரெண்டு மடங்காப் போடுங்க மேடம். நான் பாருங்க, ஒரு நீரூற்றுக்கு நாலு நீரூற்று கேட்டிருக்கேன்."

"ஆணையர் வாக்குக் கொடுத்திருக்காரு சார். உங்களை மாதிரி ஆளுங்களாலதான் இந்தக் காடே உருப்படல" என்று சொல்லிவிட்டு, தில்லைவடிவு நிமிர்ந்து நடந்தது. அப்படி ஒரு நடையை அதற்குப் பிறகு அது நடக்கவே இல்லை.

கணக்குகள் எல்லாம் வந்து சேர்ந்தன. கூட்டிப் பார்த்தால், வரப்போகிற வரியைப் போல இரண்டு பங்கு செலவு. ஆணையர் பெருமூச்சு விட்டு, எல்லாத் துறைக்கும் சரிபாதியாக வெட்டியது.

தில்லைவடிவு ஓடியது. "ஐயா, வெட்ட மாட்டேன்னு நீங்கதானே சொன்னீங்க? நான் உண்மையைத்தானே எழுதினேன்?"

"தெரியும்மா" என்றது முள்ளம்பன்றி கனிவாக. "ஆனா உங்களோடதை மட்டும் வெட்டாம விட்டா, மத்தவங்க எல்லாம் பொய் சொன்னாங்கன்னு ஆகிடும். நிர்வாகத்துல யாரையும் அப்படி அவமானப்படுத்தக் கூடாது."

பாதிப் பணத்தில் பாதி வடிகால்தான் தூர் வார முடிந்தது. வேலையை மலையடிவாரத்தில் தொடங்கினார்கள். பணம் முயல் குடியிருப்போடு தீர்ந்துபோனது.

மழை வந்தது. சுத்தமான மேல் பாதியில் வெள்ளம் தடையில்லாமல் பாய்ந்து வந்து, சேறு அடைத்த இடத்தில் முட்டி, முயல்களின் வளைகளுக்குள் புகுந்தது. குட்டிகளைத் தூக்கிக்கொண்டு முயல்கள் பூங்காவில் மயில் கட்டியிருந்த இரண்டு நீரூற்றுகளின் மேடைமேல் ஏறி நின்றன.

தில்லைவடிவு நீந்திப் போய், ஒவ்வொரு குட்டியாக முதுகில் ஏற்றிக் கரை சேர்த்தது. கடைசியாக ஏறிய வயதான முயல் பொன்னுத்தாயி மெதுவாகக் கேட்டது:

"கோவிச்சுக்காதே தாயி. போன வருஷம் நீங்க யாரும் எதுவும் செய்யல. முழங்கால் தண்ணியோட போச்சு. இந்த வருஷம் ஏன் இவ்வளவு செஞ்சீங்க?"

தில்லைவடிவு பொன்னுத்தாயியைக் கரையில் இறக்கிவிட்டது. அழுகை வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது. நேர்மை, நேர்மை என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்த தன்னை நினைத்துத்தான் அந்தச் சிரிப்பு.

அடுத்த பட்ஜெட் வந்தது. தில்லைவடிவு தேவையைப் போல இரண்டு மடங்கு எழுதியது. கூடுதலாக எழுதிய தொகைக்குக் கணக்குக் காட்ட வேண்டுமே என்று, மழைத்தண்ணீர் ஒரு நிமிஷம்கூடத் தங்காத பாறை உச்சிக்கு ஒரு புது வடிகாலையும் சேர்த்தது. அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆணையர் வாசித்தது. "பாறை உச்சியில வடிகாலா?" என்று சத்தமாகச் சிரித்தது. ஒரே கோட்டில் அதை அடித்துவிட்டு, ஊர்ப் பணத்தைக் காப்பாற்றிய திருப்தியோடு மீதியில் கையெழுத்துப் போட்டது.

மீதி, முழு வடிகாலுக்கும் மிகச் சரியாக இருந்தது. அந்த மழையில் முயல் குடியிருப்பில் ஒரு வளைகூட நனையவில்லை.

ஆண்டு விழாவில் தில்லைவடிவுக்குச் சிறந்த திட்டமிடலுக்கான கேடயம் கிடைத்தது. ஆணையர் அதன் காதருகே குனிந்து சொன்னது: "போன வருஷம் உங்க கணக்குல கொஞ்சம் அனுபவம் பத்தலை. இந்த வருஷம்தான் யதார்த்தமாப் போட்டிருந்தீங்க."

"எல்லாம் உங்க வழிகாட்டுதல்தான் ஐயா" என்றது நீர்நாய். அதுவும் பொய்தான். ஆனால் இந்த முறை சாப்பாடு நன்றாகவே இறங்கியது.

நீதி: எப்போதும் உண்மையே பேசுங்கள், பேசுவதற்கு முன் அதை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்.