காணாத ஔலுவுக்கு ஒரு பதிகம்

ஓர் ஊரைப் புகழத் தொடங்கியவன் எந்த இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதைப் பதிகங்கள் சொல்லித் தருவதில்லை. விடியல்தோறும் அவற்றை ஓதிப் பழகிய நாவுக்கு ஊர்ப்பெயர் ஒன்று கிடைத்தால் போதும். சோலை, வயல், மதில், தீர்த்தம் என்று தானாகவே ஓடத் தொடங்கிவிடும். (அந்த ஊரில் கோயில் இருக்கிறதா என்றெல்லாம் அது விசாரிக்காது.) இந்த நாவைக் கொண்டுதான் தொண்ணூறுகளின் பிற்பகுதியில், டெக்சாஸ் மாநிலத்து டாலஸ் நகரில், என் மகனுடைய குடும்பத்தைக் கடலுக்கு இப்பாலும் அப்பாலுமாகப் பிரித்து வைத்தேன்.

மகன் கணேசன் அங்கே செல்போன் கம்பெனி ஒன்றில் எஞ்சினியர். கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடம் பின்லாந்தின் வடபகுதியில், ஔலு என்ற நகரில் இருந்தது. அங்கே ஒருவரை ஓராண்டுக்கு அனுப்பப் போகிறார்கள், கணேசனின் பெயரும் அடிபடுகிறது என்று தெரிந்த நாள் முதல் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. மருமகள் உமா மருத்துவமனையில் ரெசிடென்சி என்னும் டாக்டர் மேற்பயிற்சியின் நடுவில் இருந்தாள். விட்டுவிட்டுப் போனால் பட்ட பாடெல்லாம் வீண். இடுப்பில் கைக்குழந்தை வேறு. ஆளைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் பெற்ற யூஹா என்ற ஔலுக்காரர் டாலஸுக்கு வந்தபோது, அவரைச் சனிக்கிழமை மதிய உணவுக்கு அழைத்தோம்.

"மாமா, அவர் ஊரைப் பத்தி மட்டும் பேச்செடுத்துடாதீங்க" என்றாள் உமா. "நமக்கு அங்க போக ஆசைன்னு நெனச்சிடுவார். வெதர், சாப்பாடு, அவ்ளோதான்."

"நான் வாயே திறக்கலம்மா, போதுமா?"

"அப்போ சாப்பாட்டை எப்படி உள்ள தள்ளுவீங்க?" என்றாள் என் மனைவி மீனாட்சி.

வாக்குறுதி உண்மையாகவே தரப்பட்டது. ஆனால் அதற்கு முன்பே வினை என் கைக்கு வந்து சேர்ந்திருந்தது. ஔலுவுக்கு வரும் பயணிகள் காண வேண்டிய இடங்களைப் பற்றிய வண்ணப் படப்புத்தகம் ஒன்றைக் கணேசன் அலுவலகத்திலிருந்து கொண்டுவந்து சோபாவில் போட்டிருந்தான். அச்சேறிய எதையும் மனப்பாடம் செய்யாமல் மூடிவைக்க அறியாதவன் நான். (சோளப்பொரிப் பொட்டலத்தின் பின்புறத்தைக்கூட இன்றும் ஒப்பிப்பேன்.) வெள்ளிக்கிழமைக்குள் ஔலு முழுவதும் என் நெஞ்சில் குடியேறிவிட்டது.

யூஹா வந்தார், அமர்ந்தார், உண்டார். பயணம் எப்படி என்று கணேசன் கேட்டான். "நன்று" என்றார். டெக்சாஸ் வெயில் எப்படி என்று உமா கேட்டாள். "வெயில்தான்" என்றார். அதன்பின் வடையை மெல்லும் ஓசை தவிர வேறு ஓசை இல்லை. அவர்கள் நாட்டில் மனநிறைவு கொண்டவர் இப்படித்தான் மௌனமாக இருப்பார் என்பதைப் பிற்பாடே அறிந்தேன். அன்று எனக்குத் தோன்றியதோ, நம் உபசாரத்தில் ஏதோ குறை என்பதுதான். விருந்தினர் முகம் வாடியிருக்க வேடிக்கை பார்ப்பது சிவாபராதம் என்று கருதினேன்.

"உங்கள் சந்தைத் திடலில் நிற்கும் போலீஸ்காரர் நலமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

யூஹாவின் கரண்டி நின்றது. அந்தப் போலீஸ்காரர் ஒரு வெண்கலச் சிலை. குள்ளம், பருமன், முன்தள்ளிய வயிறு. படத்தைக் கண்டவுடனேயே அவர் ஊரின் காவல் தெய்வம் என்று எனக்கு விளங்கிவிட்டது.

"எங்கள் மரபில் முதலில் காவலரிடம் அனுமதி பெற்றே ஊருக்குள் நுழைய வேண்டும்" என்றேன்.

உமா மேசைக்கடியில் உதைத்தாள். உதை மீனாட்சியின் காலில் விழுந்தது. "என்னை ஏம்மா உதைக்கற? பேசறது அவரு" என்றாள் அவள், தமிழில், சத்தமாக.

"அப்பா, பாயசம் சாப்பிடுங்கப்பா" என்றான் கணேசன்.

பாயசம் அணை போடும் வெள்ளமா அது? ஆறு கடலோடு கலக்கும் கழிமுகத்தைத் தீர்த்தம் ஆக்கினேன். அறிவியல் காட்சிக்கூடத்துக் கோபுரத்தை ராஜகோபுரமாக உயர்த்தினேன். குளிர்காலத்தில் கடல் உறைந்து, எதிரே உள்ள தீவுக்கு அதன்மேல் சாலை போடுகிறார்கள் என்ற பகுதிக்கு வந்தபோது குரலில் ராகமே ஏறிவிட்டது. அடியார்களுக்காக ஆழியே தரையாகிக் கிடக்கும் தலம் வேறெங்கே உண்டு என்று கேட்டேன். கோடையில் சூரியன் அடைவதே அரிது என்றால் சந்தி வேளையை எப்படிக் கணிப்பீர்கள் என்றும் கேட்டேன். யூஹா கரண்டியைக் கீழே வைத்து, "அதை நாங்கள் எண்ணிப் பார்த்ததில்லை" என்றார்.

அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஓதியவர் பெறும் பலனைக் கடைசியில் சொல்லாமல் பதிகத்தை முடிப்பது எப்படி? கண்கள் தாமே மூடின. கைகள் தாமே குவிந்தன. "இத்தலத்தில் ஓராண்டேனும் வாழும் பேறு எங்கள் குடும்பத்துக்கு வாய்ப்பதாக" என்று, மரபு வழுவாமல், தெளிவான ஆங்கிலத்தில் முடித்தேன்.

கண் திறந்தபோது உமா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மயக்க மருந்து கொடுக்காமலே அறுக்கத் துணிந்த டாக்டரின் பார்வை அது.

யூஹா கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தார். அன்றைய விருந்தில் அவர் பேசிய நீண்ட பேச்சு அப்போதுதான் வந்தது. "என் ஊரை இவ்வளவு அழகாக எவரும் சொல்லிக் கேட்டதில்லை, என் தாயாரும்கூட. கணேசன், உனக்கு விருப்பமில்லை போலும் என்று எண்ணி, வேறொருவரை அனுப்ப முடிவு செய்திருந்தேன். அதைச் சொல்லவே இன்று வந்தேன். நல்லவேளை."

அவரை வழியனுப்பிக் கதவைச் சாத்திய பிறகு வீட்டில் நிலவிய மௌனம் பின்லாந்தின் மௌனத்தையும் மிஞ்சியது. முதலில் பேசியவள் உமா.

"அத்தை இங்க எனக்கும் குழந்தைக்கும் வேணும். வேண்டிக்கிட்டது மாமாதானே? அவரும் போகட்டும்."

"போயிட்டு வரட்டும்" என்றாள் மீனாட்சி. அத்தனை ஆண்டு இல்லறத்தில் அவள் இவ்வளவு விரைவாக எதற்கும் இசைந்ததில்லை.

அவ்வாறே சென்றேன். கணேசன் ஆராய்ச்சிக்கூடத்தில், நான் வாடகை வீட்டில், அவனுக்கு ரசம் வைத்துக்கொண்டு. சனவரியில் ஒருநாள் காவலரைத் தரிசிக்கப் போனேன். திருநீறு பூச நெற்றியில் இடம் இல்லை. குல்லாய் புருவம்வரை இறங்கியிருந்தது. பதிகம் ஓத வாய் திறந்தேன், பல் கிட்டிக்கொண்டது. டாலஸில் எத்தனை உதைக்கும் நிற்காத நா, அந்தத் திடலில் ஒரு சொல்லும் எழாமல் நின்றது.

கணேசன் அப்போது எடுத்த புகைப்படம் உமாவின் கூடத்தில் இன்றும் தொங்குகிறது. நானும் போலீஸ்காரரும் அருகருகே நிற்கிறோம். இருவருக்கும் ஒரே வயிறு. எவர் மாமா, எவர் சிலை என்று விருந்தினரைக் கேட்பது வீட்டு வழக்கம். உமா ரெசிடென்சியை முடித்துப் பெரிய டாக்டராகிவிட்டாள், ஆயினும் புதியவர் எவர் வந்தாலும் அவர் செருப்பைக் கழற்றும் முன்பே எச்சரித்துவிடுகிறாள்: "உங்களுக்கு எந்த ஊர்னு மட்டும் மாமாகிட்ட சொல்லிடாதீங்க."

சென்ற மாதம் ஒருவர் அறியாமல் சொல்லிவிட்டார். அலாஸ்காவாம். நான் தொண்டையைச் செருமினேன். சமையலறையிலிருந்து மீனாட்சியின் குரல் வந்தது:

"பாடறதுன்னா பாடுங்க. பலன் மட்டும் சொல்ல வேண்டாம்."