டெல்லா யாருக்காக அழுவாள்?

ஜனவரியில் சுப்பீரியர் ஏரி உறைந்ததும் டுலூத் துறைமுகத்தில் கப்பல்களைக் கட்டிப்போட்டு, மாலுமிகளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பத்து மாதம் இரும்புத்தாதுவோடு அலைந்துவிட்டு வந்த ஆர்விட், வாசலில் பெட்டியைப் போட்டுவிட்டு இரண்டு கையையும் நீட்டினான். பதினொரு மாதக் குழந்தை டெல்லா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு வீடே இடிகிற மாதிரி அலறி, அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

கப்பலில் அவன் படுக்கைக்கு மேலே அவள் படம்தான் ஒட்டியிருந்தது. தினமும் அதற்கு முத்தம் கொடுத்துவிட்டுத்தான் வேலைக்குப் போவான். படம் ஒரு நாளும் அழுததில்லை.

"துறைமுகத்துலயே வேலை இருக்காம், ஆர்விட்," என்றாள் மனைவி கெயில்.

"கரையில வேலை பாக்கறவன் மாலுமியா?" ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது அவனுக்கு. "மார்ச்சுல கப்பல் கிளம்பறதுக்குள்ள இவ எனக்காக அழுவா. உன்னைத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டா. பந்தயம்."

"சரி," என்றாள் கெயில். கல்யாணமான நாளிலிருந்து அவள் எதற்கும் இவ்வளவு சுலபமாகச் சரி சொன்னதில்லை. அப்போதே அவனுக்கு உறைத்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை கெயிலின் பூப்போட்ட அங்கியை மாட்டிக்கொண்டு, அவள் சோப்பில் முகம் கழுவி, தொட்டிலுக்கு மேல் குனிந்தான். டெல்லா மோந்து பார்த்துச் சிரித்தாள். அவனுக்கு உச்சி குளிர்ந்தது. பிறகு அவள் கை தாடியில் பட்டது. அலறல் கேட்டு, வெளியே பனி வாரிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். தாடியும் பூவுமாக நின்றவனைப் பார்த்து மரியாதையாகக் கையசைத்துவிட்டு மறுபடி பனி வாரப் போனார்.

கெயிலுக்கே பாவமாக இருந்தது.

"தரையில உக்காந்து உன் வேலையைப் பாரு. அவளைக் கூப்பிடாத. ஆனா அவ கூப்பிட்டா, தலை போற காரியமா இருந்தாலும் விட்டுட்டுப் போ."

"அவ்வளவுதானா?"

"அதைத்தான் நான் பத்து மாசமா பண்ணிட்டிருக்கேன்."

அன்றிலிருந்து கெயில் தினமும் அவர்களைத் தனியாக விட்டுவிட்டு, பனித்தரையில் கனமான கல்லைச் சறுக்கிவிட்டு ஆடும் கர்லிங் விளையாட்டுக்குக் கிளம்பிவிடுவாள். ஆர்விட் சமையலறைத் தரையில் உட்கார்ந்து கயிற்றில் முடிச்சுப் போடுவான். டெல்லா மூன்று நாள் மேஜைக்கு அடியிலிருந்தே வேவு பார்த்தாள். நாலாம் நாள் ஊர்ந்து வந்து கயிற்று நுனியை வாயில் வைத்துக்கொண்டாள். அவள் சிணுங்கினால் போவான், பசித்தால் கஞ்சி ஊட்டுவான். ஒரு நாள் நாற்காலியில் முட்டிக்கொண்டவள், உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நாலாபக்கமும் தேடிவிட்டு, அவனைப் பார்த்துக் கைகளை நீட்டினாள். தண்ணீரில் பத்து மாதமாக ஏங்கியதெல்லாம் அந்த இரண்டு கைகளுக்காகத்தான். அள்ளிக்கொண்டு அவளைவிட அதிகமாக அவன்தான் அழுதான்.

மார்ச்சில் ஏரியின் பனிக்கட்டி உடைந்தது. கேப்டன் போன் செய்தார். ஆர்விட் தொப்பியைப் போட்டுப் பெட்டியைத் தூக்கினான். அவ்வளவுதான். டெல்லா பாய்ந்து வந்து அவன் காலைக் கட்டிக்கொண்டு கதறினாள். அவன் தூக்கிக்கொண்டான். கெயில் கையை நீட்டினாள். குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"பாத்தியா? ஜெயிச்சிட்டேன்," என்றான் ஆர்விட்.

"ஜெயிச்சிட்ட. சரி, போயிட்டு வா."

கதவு வரை போனான். கழுத்தில் டெல்லாவின் பிடி இறுகியது. அடுத்த அடி வைக்க முடியவில்லை. பெட்டியைக் கீழே வைத்தான்.

"கெயில், துறைமுகத்துல ஏதோ வேலைன்னு சொன்னியே. இன்னும் இருக்குமா?"

அவள் மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு விண்ணப்பத்தை எடுத்து வைத்தாள். அவன் பேர், வயது, அனுபவம் எல்லாம் அவள் கையெழுத்தில் நிரப்பியிருந்தது. அவன் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

பேனாவோடு குனிந்தபோதுதான் மேலே இருந்த தேதியைப் பார்த்தான். ஜனவரியில் அவன் பந்தயம் கட்டிய அதே நாள்.