தேர்வாளரும் நான் கட்டிய நண்டுகளும்

எனக்கு நண்டிடம் பயம் கிடையாது. பழவேற்காட்டில் பிறந்துவிட்டு அதற்கெல்லாம் பயந்தால் வேலைக்காகாது. ஆனால் புறத்தேர்வாளர் என்று யாராவது சொன்னால், இன்றைக்கும் பயம்தான்.

என் முனைவர் பட்ட ஆய்வு ஒரு வினோதமான கம்பியைப் பற்றியது. ஆறியிருக்கும்போது எப்படி வளைத்தாலும் வளையும். நன்றாகச் சூடேறினால், உருகாமலே உள்ளமைப்பு மாறி, பழையபடி நேராகிவிடும். எந்தச் சூட்டில், எவ்வளவு இழுப்பில் மாறும் என்று சமன்பாடு எழுதுவது என் வேலை. (கல்யாண வீட்டில் "நீ இன்னா படிக்கிற?" என்று கேட்டவர்கள், நான் சொல்லி முடிப்பதற்குள் பந்திக்குப் போய்விடுவார்கள்.)

வாய்மொழித் தேர்வு நடத்த வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், முந்தின நாள் எங்கள் ஏரியைப் பார்க்க ஆசைப்பட்டார். விடுவேனா? நைனா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன்) பிடித்துவைத்த நண்டுகளின் கொடுக்குகளை, கயிற்றுக்குப் பதில் என் கம்பியால் கட்டினேன். கரைக்குத் திரும்பியதும் கொதிக்கிற தண்ணீரில் போட்டால் கட்டு தானாக அவிழும், மனுஷர் அசந்துபோவார் என்று திட்டம்.

படகில் நைனா வழக்கம்போல் அலுமினியக் கூடையின்மேல் ஈரச் சாக்கைப் போட்டார். கம்பி பளபளப்பது தெரிய வேண்டாமா? எடுத்துவிட்டேன்.

"வெயிலு கொளுத்துதும்மா, சாக்கு இருக்கட்டும்."

"கணக்குப் போட்டுட்டேன் நைனா. ஒண்ணும் ஆவாது."

கணக்குப் போட்டது காற்றின் சூட்டுக்கு. வெயிலில் காயும் அலுமினியத்தை மறந்தே போனேன். நடு ஏரியில் கூடைக்குள் 'டிங்' என்றது. அப்புறம் இன்னொரு 'டிங்'. கம்பிகள் ஒவ்வொன்றாக நேராகிக்கொண்டிருந்தன.

குனிந்து பார்த்த தேர்வாளரின் கட்டைவிரலை ஒரு நண்டு கவ்வியது. அவர் துள்ளி எழுந்ததில் படகு ஆடியது.

"எனக்கு நீச்சல் தெரியாதும்மா!"

"குதிங்க சார், முட்டியளவு தண்ணிதான்!" என்று நைனா கத்தினார்.

குதித்தார். தண்ணீர் முட்டியளவுதான், அடியில் இருந்த சேற்றைத்தான் நைனா சொல்லவில்லை. இடுப்புவரை இறங்கிவிட்டார். நாங்கள் இருவரும் அவரை மேலே இழுத்துப் போட்டபோது, ஐந்து வருடப் படிப்பு போச்சு என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் கட்டைவிரலில் கட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தார். நான் எழுந்து நின்றேன்.

"உங்க சமன்பாடு எங்கெல்லாம் பொருந்தாது?"

படித்ததெல்லாம் மறந்து, "நண்டுக்கு சார்" என்றேன்.

அவர் தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டார். பிறகு, "அதையும் ஆய்வேட்டுல எழுதிச் சேர்த்துடுங்க" என்றார்.

பட்டம் கிடைத்துவிட்டது. ஆனால் வீட்டில் இன்றைக்கும் நான், "மழை வராது, துணியைக் காயப்போடலாம்" என்று சொன்னால் போதும், நைனா நிமிர்ந்து பார்த்துக் கேட்பார்:

"நண்டுக்கும் சேத்து சொல்றியாம்மா?"