எங்கள் கிணற்றடியில் கிடைத்த கற்காலம்

படித்தவர்கள் முன்னால் நான் வாயைத் திறப்பதில்லை. தலையை மட்டும் ஆட்டுவேன். அஞ்சாவதோடு நின்றவனுக்கு அது வசதியான வழி. ரேஷன் கடை, தாலுகா ஆபீஸ், ஆஸ்பத்திரி என்று எல்லா இடத்திலும் இந்தத் தலையை வைத்தே நாற்பத்தெட்டு வயது வரைக்கும் ஒப்பேற்றிவிட்டேன். ஒரே ஒரு முறைதான் ஆட்டக்கூடாத இடத்தில் ஆட்டினேன்.

சிறுவாச்சூருக்கு மேற்கே எங்களுக்குச் சின்ன வெங்காயம் போடுகிற துண்டு நிலம் ஒன்று உண்டு. என் மகள் நிலா அப்போது ஒன்பதாவது படித்தாள். அவளுடைய வரலாற்று சார் இளவயதுக்காரர். பிள்ளைகளைப் புத்தகத்தை மூடிவிட்டுப் போனைத் திறக்கச் சொல்கிற ரகம். ஊரில் பழசாக எது கண்ணில் பட்டாலும் படம் எடுத்து, போன் வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். ஒருத்தி கோயில் தூணை எடுத்தாள். ஒருத்தன் சிப்பி ஒட்டிய கல்லை எடுத்தான். (எங்கள் பக்கம் சில இடங்களில் தோண்டினால் தண்ணீர் வராது, கடல் சிப்பி வரும்.) நிலா எங்கள் கிணற்றடிப் பாறையை எடுத்தாள். அதன் மேல் வழவழவென்று நீளமாக நாலு பள்ளம்.

மறுநாளே சார் பைக்கில் வந்துவிட்டார்.

"அண்ணே, கற்காலத்துல மனுசங்க கோடாலிய இப்பிடித்தான் பாறையில தேய்ச்சுத் தேய்ச்சுக் கூராக்குனாங்க. அச்சு அசல் அதே மாதிரி இருக்கு. இது ரொம்ப காலமா இருக்காண்ணே?"

ஆட்டினேன். (இருபது வருடம் ரொம்ப காலம்தானே?)

"உங்கப்பா காலத்துலயும் இருந்துச்சா?"

அதற்கும் ஆட்டினேன். பாறை இருந்ததே! அவர் பள்ளத்தைக் கேட்கிறார் என்று புரிவதற்குள் பாறையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுவிட்டார்.

அந்தப் பள்ளம் நான் போட்டது. கல்யாணத்துக்கு முந்தியிலிருந்தே அருவாள், கோடாலி, மண்வெட்டி, களைக்கொத்து எல்லாவற்றையும் மணலும் தண்ணீரும் போட்டு அதில்தான் தீட்டுகிறேன். ஆயுதத்துக்கு ஒரு பள்ளம் என்று தனித்தனி இடம் வேறு. ஆனால் கண்ணில் ஒற்றிக்கொண்ட மனிதரிடம் அதை எப்படிச் சொல்வது?

சார் பாறையைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார். அறுபது எழுபது இருக்கும். வெயில் பளிச்சிடாமல் நான் போர்வையை விரித்துப் பிடித்துக்கொண்டு கூடவே சுற்றினேன். எல்லாப் படத்தையும் கோத்துப் போனே ஒரு முழுக் கல்லைச் செய்துவிடுமாம். செய்தும்விட்டது. நாலு பேர் சேர்ந்தாலும் அசையாத பாறையை அவர் ஒற்றை விரலில் சுழற்றிக் காட்டினார். தப்பு செய்தவன் நான் என்பதையே மறந்து வாயைப் பிளந்து பார்த்தேன்.

அன்றிலிருந்து நிலாவின் கால் தரையில் படவில்லை. "அப்பா, நம்ம பாறைதான் மாவட்டப் போட்டிக்குப் போவுது! வெள்ளிக்கெழம ஸ்கூல்ல காட்டிட்டு, சாயங்காலமே அனுப்பிடுவாங்க."

"பாப்பா, அந்தப் பள்ளம் இருக்குல்ல..."

"அதத் தொட்டுறாத அப்பா! சார் சொல்லியிருக்காரு."

நாலு குச்சி நட்டுக் கயிறு கட்டிவிட்டாள். என் அருவாள் மொட்டையாகி, பக்கத்து நிலத்துக்காரரிடம் இரவல் வாங்கி வேலை பார்த்தேன். என் பாறை, என் பள்ளம், எனக்கே அனுமதி இல்லை.

வெள்ளிக்கிழமை சாரைத் தனியாகப் பிடித்துச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, அரை மணி முன்னாலேயே பள்ளிக்கூடம் போனேன். சொல்லவிட்டால்தானே? துண்டைப் போர்த்தி முதல் வரிசையில் உட்கார வைத்துவிட்டார்கள். பக்கத்தில் என் மனைவி பூங்கொடி, பட்டுச் சேலையில். பின்னால் பிள்ளைகள், பெற்றவர்கள் என்று மண்டபம் நிறையக் கூட்டம்.

"கல்லைப் பாதுகாத்த அண்ணன் ரெண்டு வார்த்தை பேசுவாரு" என்று சார் மைக்கைக் கொடுத்தார்.

இதுதான் சமயம் என்று எழுந்தேன். சரியாக ரெண்டு வார்த்தை பேசினேன். "எல்லாருக்கும் வணக்கம்." உட்கார்ந்துவிட்டேன். கைதட்டினார்கள். எதற்குத் தட்டினார்கள் என்று இன்றுவரை தெரியாது.

பெரிய திரையில் பாறை வந்தது. என் பள்ளம் ஒவ்வொன்றும் ஓடை அகலம் இருந்தது. சார் உற்சாகமாகிவிட்டார். "பசங்களா, இப்ப கல்லோட நெறத்த எடுத்துருவோம். வெளிச்சத்தப் பக்கவாட்டுல விடுவோம். நம்ம கண்ணுக்குத் தெரியாத கீறல்கூட நெழல் விழுந்து தெரியும்."

பாறை சாம்பல் நிறமானது. திரும்பியது. கிணற்றுப் பக்கத்து விளிம்பில் ஏதோ கோடுகள் எழுந்தன. சார் திரைக்கே ஓடினார். "எழுத்து... எழுத்துடா!"

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"இது இந்தக் காலத்து எழுத்தாச்சே..." என்று சார் தலையைச் சொறிவதற்குள் பிள்ளைகள் கூட்டிப் படிக்க ஆரம்பித்துவிட்டார்கள். "பூ... ங்... கொ... டி!"

"சார்! அது எங்கம்மா பேரு சார்!" என்று கத்தியது நிலா.

மொத்தக் கூட்டமும் பூங்கொடியைப் பார்த்தது. பூங்கொடி என்னைப் பார்த்தாள். சாரும் மைக்கோடு என் பக்கம் திரும்பினார். "அண்ணே?"

தலையை ஆட்டித் தப்பிக்க முடியாத கேள்வி. மைக்கை வாங்கினேன்.

"பேரு நான் வெட்டுனதுங்க சார். பொண்ணு பாத்துட்டு வந்த மறுநாளு. தேய்ஞ்சு போச்சுன்னு நெனச்சேன். அந்தப் பள்ளமும் நான்தாங்க. அருவா தீட்டுனது. மன்னிச்சுக்கங்க."

என் வாழ்க்கையிலேயே நான் பேசிய நீளமான பேச்சு அது. பிறகு கூரை பிய்த்துக்கொள்கிற மாதிரி சிரிப்பு. சார் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறார் என்று பயந்து கிட்டப் போனேன். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். "அறுபது படம் எடுத்தேன்ணே. ஒங்கள ஒரு கேள்வி ஒழுங்கா கேக்கல."

போட்டிக்கு எங்கள் பாறை போகவில்லை. சிப்பிக் கல் போனது. நிலா ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே கயிற்றை அவிழ்த்துவிட்டு, "போப்பா, தீட்டிக்க" என்றாள். வருடா வருடம் புதுப் பிள்ளைகளுக்கு சார் நடத்தும் முதல் பாடம் என் பாறைதான். போனை நம்புவதற்கு முன்னால் பக்கத்தில் நிற்கிற ஆளை வாய்விட்டுப் பேச வைக்க வேண்டுமாம்.

அந்த வெள்ளிக்கிழமை வண்டியில் வீட்டுக்குத் திரும்பும்போது பூங்கொடி பின்னாலிருந்து கேட்டாள்: "பொண்ணு பாக்க வந்தப்ப ஒரு வார்த்தை பேசலியே. என்னயப் புடிச்சிருந்துச்சா, புடிக்கலியா?"

ஆட்டினேன்.

இப்போதும் எங்கள் வீட்டில் ஏதாவது கேட்டு நான் பதில் சொல்லாமல் நின்றால் போதும். "வாயில வரலன்னா போயி கல்லுல எழுதிட்டு வாங்க" என்பாள் பூங்கொடி. "பாப்பா போன்ல பாத்து என்னன்னு சொல்லும்."