பதினாலாவது கைநாட்டு

மரியாதையும் கொஞ்சம் மனத்தாங்கலும் இன்னும் மிச்சமிருக்கிற மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கையின் வீட்டுக்காரன் வணங்கிச் சொல்லி எழுத வைப்பது. இங்கே நானும் உங்கள் தங்கையும் என் மூட்டுவலியும் நலம். எனக்கு எழுத்து தெரியாதது உங்களுக்குத் தெரியும். எழுதுவது பக்கத்து வீட்டுத் தையல்காரர். நான் நீட்டிச் சொன்னால் அவர் கொஞ்சம் பிடித்துத் தைத்துவிடுவார், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேம்பாலத்தைக் காலையில் திறந்து, விரிசல் விட்டதென்று சாயங்காலமே மூடினார்களே, அந்த வருஷம் ஞாபகம் இருக்கிறதா? சினிமாக் கொட்டகைக் கூரை பறந்துபோய், சனங்கள் மழையில் நனைந்துகொண்டே மீதிப் படத்தையும் பார்த்துவிட்டு எழுந்த வருஷம். அந்த வருஷம்தான் நம் வரிசை வீடுகளுக்கு, வீட்டுக்கு ஒரு குழாயும் ஒரு கக்கூஸும் வேண்டுமென்று மனு எழுதி, பதினாலு வீட்டு ஆண்களும் கைநாட்டு வைத்தோம். பெண்களை யாரும் கேட்கவில்லை. அவர்கள் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார்கள்.

அந்த மனுவுக்குப் போன வாரம் பதில் வந்திருக்கிறது, மச்சான்.

மறுநாளே தண்ணீர் ஆபீசுக்குப் போனேன். காலையிலிருந்து மத்தியானம் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். குடிக்கத் தண்ணீர் இல்லை, தண்ணீர் ஆபீசில். கக்கூஸ் இருந்தது, 'ஊழியர்களுக்கு மட்டும்' என்று பூட்டியிருந்தது. கடைசியில் கிளார்க் கூப்பிட்டு, "மனு போட்டவங்க பதினாலு பேரும் நேர்ல வரணும் பெரியவரே" என்றார். "பன்னெண்டு பேர் செத்துட்டாங்க ஐயா" என்றேன். "எப்படி?" என்றார். "காத்திருந்துதான்" என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "சரி, ரெண்டு பேராவது வாங்க. மெஷின்ல விரல் வெச்சு, பழைய ரேகையோட ஒத்துப்போனா போதும். யாரு என்னன்னு எனக்கு எதுக்கு? வெள்ளிக்கிழமைக்குள்ள வரலேன்னா ஃபைலை மூடிடுவோம். அந்தக் குழாய் அடுத்த தெரு அடுக்குமாடிக்குப் போயிடும்" என்றார்.

அடுத்த தெருவில் ஏற்கெனவே குழாய் இருக்கிறது, மச்சான். அங்கே கார்கள் தினமும் குளிக்கின்றன. நாங்கள் லாரித் தண்ணீரை விலைக்கு வாங்கி, வாய் கொப்பளிக்கும்போதே துப்பலாமா விழுங்கலாமா என்று யோசிக்கிறோம்.

மனுவை எடுத்துக் காட்டினார். எழுத்து தெரியாவிட்டால் என்ன, தெருக்குழாயடியில் வாளி வைக்கும் வரிசையிலேதான் எல்லோரும் கைநாட்டு வைத்தோம், ஒவ்வொன்றும் யாருடையது என்று சொல்லிவிட்டேன். கொத்தனார் விரலில் சுண்ணாம்பு தின்ற பள்ளம். பால்காரர் விரல் தட்டையாக. 'ரேடியோ' என்று நாம் கூப்பிட்ட வாயாடி, ஒன்றுக்கு இரண்டாக வைத்து, ஒன்றை அடித்திருந்தான். கடைசியில் உங்களுடையது. அதைச் சுற்றி மட்டும் மை ஈரத்தில் ஊறிப் படர்ந்திருந்தது. மச்சானுக்குக் கை வியர்க்குமே என்று நினைத்துக்கொண்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் தங்கைக்குச் சிறுநீரகத்தில் கல். இத்தனை வீட்டுக்கும் இருக்கிற ஒரே கக்கூஸ் தெருமுனையில், தாழ்ப்பாள் கிடையாது. வரிசையில் நிற்க வெட்கப்பட்டு, மத்தியானத்துக்குமேல் அவள் சொட்டுத் தண்ணீர் குடிப்பதில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இப்படித்தான். "நிறையத் தண்ணி குடிங்கம்மா" என்கிறார் டாக்டர். "அவருக்கென்ன, வீட்டுக்குள்ளேயே கக்கூஸ் இருக்கு, குடிக்கச் சொல்றாரு" என்கிறாள் இவள்.

அதனால், முப்பத்தாறு வருஷமாக நான் ஒப்புக்கொள்ளாததை இப்போது ஒப்புக்கொள்கிறேன். குழாயடியில் இடம் பிடிக்க நீங்கள் வைத்த ஓட்டை வாளியைப் பின்னுக்குத் தள்ளியது நான்தான். நாய் தள்ளியது என்று சொன்னது பொய். அந்த நாயும் பாவம், உங்களிடம் உதை வாங்கியது. அதற்காக நீங்கள் வீட்டையே காலி செய்துகொண்டு போனது கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் தப்பு என்னுடையது. மன்னித்து, வெள்ளிக்கிழமைக்குள் அந்த விரலோடு வந்து சேருங்கள். பதினாலு பேரில் என்னைத் தவிர மிச்சம் இருப்பவர் நீங்கள் ஒருவர்தான்.

உங்கள் வீட்டில் எல்லோரும் நீர்வளத்தோடு நீடூழி இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாளியைத் தள்ளியவன்

பின்குறிப்பு: தையல்காரர் எழுதியதை உரக்கப் படித்துக் காட்டினார். துணி மடித்துக்கொண்டிருந்த உங்கள் தங்கை, "அண்ணன் எங்க கைநாட்டு வெச்சாரு? அன்னிக்கு அவரு சொம்போட கக்கூஸ் வரிசையில நின்னாரு. பதினாலு சரியா வரணும்னு மனு எழுதுறவரு கத்தினாரு. நான் குடத்தை இறக்கி வெச்சுட்டு ஈரக்கையோட வெச்சுட்டு வந்தேன்" என்கிறாள். "ஏன்டி இத்தனை வருஷமா சொல்லல?" என்றேன். "நீங்க எங்க கேட்டீங்க?"

ஆகையால் மச்சான், நீங்கள் வரவேண்டாம். மன்னிப்பையும் திருப்பி அனுப்பிவிடுங்கள். வாளியை நாய்தான் தள்ளியது. வெள்ளிக்கிழமை நாங்களே போகிறோம். தண்ணீர் ஆபீசில் கக்கூஸ் பூட்டியிருக்கிறது என்று கேள்விப்பட்டு, முந்தின நாளிலிருந்தே தண்ணீர் குடிக்கப் போவதில்லை என்கிறாள், அந்தப் பதினாலு பேரில் என்னோடு மிச்சமிருக்கிற கடைசி ஆள், உங்கள் தங்கை.